முத்துலட்சுமி மாடியில் என் நாற்காலி

மாடிப்படி வாசலில் என் தலை தெரிந்ததுமே பக்கத்து மாடியில் முத்துலட்சுமி ஓடினாள். கொடியில் கிடந்த சேலையைச் சடாரென்று உருவி, தரையில் விரித்து வைத்திருந்த எதன் மேலேயோ போட்டு மூடினாள். அப்புறம் ஒன்றுமே நடக்காத மாதிரி என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"என்ன சிஸ்டர், இன்னைக்கு வெள்ளனவே மேல வந்துட்டீக?"

எனக்கு ஒரு கையில் காபி, இன்னொரு கையில் மோர் மிளகாய்த் தட்டு. எங்கள் தெருவில் வீடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டுதான் நிற்கும். எங்கள் மாடிக்கும் அவள் மாடிக்கும் நடுவில் இருப்பது முழங்கால் உயரத்துக்கு ஒரு சுவர். அவள் சேலைக்கு அடியிலிருந்து கருப்பாக ஒரு நூல்கற்றை நீட்டிக்கொண்டிருந்தது. அதைப் பார்ப்பதற்கு முன்பே எனக்கு வாசனை வந்துவிட்டது. கந்தகமும் கரியும் பசையும் சேர்ந்த வாசனை. சாத்தூர்ப் பக்கம் பிறந்து வளர்ந்தவர்களுக்கு அதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

"அது என்ன முத்துலட்சுமி?"

"நூலு சிஸ்டர்."

கையிலிருந்த காபியை நான் குடிக்கவில்லை. அது எவ்வளவு பெரிய விஷயம் என்பது உங்களுக்குப் புரிய வேண்டுமென்றால், கொஞ்சம் சுற்றித்தான் வர வேண்டும். போன வாரம் இந்தப் பத்தியைப் படித்த ஒரு வாசகர், "நர்ஸம்மா ஏன் எல்லாவற்றையும் கோபமாகவே எழுதுகிறார்?" என்று கேட்டிருந்தார். அவருக்கும் இதிலேயே பதில் இருக்கிறது.

சூடான காபி

முப்பது வருஷத்துக்கு மேல் அரசாங்க ஆஸ்பத்திரிகளில் நர்ஸாக இருந்தேன். அந்தக் காலம் முழுவதும் நான் சூடாக ஒரு காபி குடித்ததில்லை. டம்ளரை வாயருகே கொண்டுபோகும்போதுதான் வார்டில் யாராவது கூப்பிடுவார்கள். திரும்பி வரும்போது ஆடை படிந்து ஆறிக் கிடக்கும். அதை மடக்கென்று ஊற்றிக்கொண்டு அடுத்த கட்டிலுக்கு ஓடுவேன். காபி என்றாலே ஆறிய காபிதான் என்று நாக்கும் நம்பிவிட்டது.

ஓய்வு பெற்ற மறுநாள் காலையில் மாடியில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, நாக்கு சுடச் சுட ஒரு டம்ளர் காபியை அடிமண்டி வரை குடித்தேன். யாரும் கூப்பிடவில்லை. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சூட்டினால்தான் வந்தது என்று எங்கள் வீட்டு சாரிடம் சொல்லிவைத்தேன்.

சார் என்பது என் வீட்டுக்காரர். கணக்கு வாத்தியாராக இருந்து எனக்கு முன்பே ஓய்வு பெற்றவர். ஊரே சார் என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு எனக்கும் அதுவே வாயில் வந்துவிட்டது.

அன்றிலிருந்து மாடிதான் என் இடம். கீழே தெருமுனையில் ஏழாயிரம்பண்ணைப் பக்கத்துப் பட்டாசுக் கம்பெனிகளுக்குப் போகும் வேன்கள் ஹாரன் அடிக்கும். தூக்குவாளியோடு பெண்கள் ஓடுவார்கள். முத்துலட்சுமியும் அப்படி ஓடியவள்தான். ஓடும்போதே அண்ணாந்து பார்த்து, "ராணி மாதிரி இருக்கீக சிஸ்டர்!" என்று கத்திவிட்டுப் போவாள். நானும் டம்ளரைத் தூக்கிக் காட்டுவேன்.

பதினோரு மணி வீடு

இன்னொரு அதிசயம். சொந்த வீடு காலை பதினோரு மணிக்கு எப்படி இருக்கும் என்று அறுபது வயது வரை எனக்குத் தெரியாது. டே டியூட்டி என்றால் நான் வீட்டில் இருக்க மாட்டேன். நைட் டியூட்டி என்றால் தூங்கிக்கொண்டிருப்பேன்.

அந்த நேரத்தில் எங்கள் அடுப்படி ஜன்னல் வழியாக வெயில் வந்து மாவு டப்பாவின் மேல் உட்காருகிறது. கொஞ்ச நேரம் இருந்துவிட்டு அரிசி டப்பாவுக்கு நகர்கிறது. தெருவில் ஒவ்வொரு வீட்டுக் குக்கருக்கும் ஒவ்வொரு குரல் இருக்கிறது. எதிர்வீட்டுக் குக்கர் விக்கல் எடுத்தவரைப் போல விட்டு விட்டுக் கூவும். வெள்ளரிக்காய்க்காரம்மா தலைக் கூடையோடு வந்து, நான் வேண்டாம் என்று சொன்ன பிறகும் நடையில் உட்கார்ந்து தன் மருமகளைப் பற்றி முழுதாகச் சொல்லிவிட்டுத்தான் எழுந்து போவார். சார் ரேடியோவில் செய்தி வாசிப்பவரோடு சண்டை போடுவார். அவர் இப்படி ஒரு ஆளோடு தினமும் சண்டை போடுகிறார் என்பதே எனக்குக் கல்யாணமாகி இத்தனை வருஷம் கழித்துத்தான் தெரிந்தது.

மாடியில் ஒரு அணில். என் மோர் மிளகாயில் ஒன்றைத் தூக்கிக்கொண்டு ஓடும், கடிக்கும், காறித் துப்பும். மறுநாளும் வந்து அதையே செய்யும். அதை நான் விரட்டுவதில்லை. வேடிக்கை பார்ப்பேன். வேடிக்கை பார்க்க நேரம் இருக்கிறது என்பதே பெரிய சுகம்.

சும்மாதான இருக்கீக

இந்தச் சுகத்தில் மண் அள்ளிப் போட ஊரில் ஒரு கூட்டமே இருக்கிறது. "சும்மாதான இருக்கீக, ஒரு எட்டு வந்து பிரஷர் பாருங்களேன்." "சும்மாதான இருக்கீக, எங்க அத்தைய ஸ்கேனுக்குக் கூட்டிட்டுப் போயிட்டு வாங்க." "சும்மாதான இருக்கீக, கேஸ் வந்தா வாங்கி வச்சுருங்க சிஸ்டர், சாவிய ஒங்ககிட்டக் குடுத்துட்டுப் போறேன்."

கேஸ் சிலிண்டர் வாங்கி வைப்பதற்கா நான் நர்ஸிங் படித்தேன்?

ஆண்கள் ஓய்வு பெற்றால் மாலை போட்டு, "இனி ஓய்வெடுங்கள்" என்கிறார்கள். பெண்கள் ஓய்வு பெற்றால், "இனி வீட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்கிறார்கள். அதுவரை வீட்டைப் பேய் வந்தா பார்த்துக்கொண்டிருந்தது? என் பிரிவுபசார விழாவிலேயே ஒரு டாக்டர் மைக்கைப் பிடித்து, "சிஸ்டர் இனி பேரப்பிள்ளைகளுக்குப் பலகாரம் சுட்டுக்கொடுத்துப் பொழுதைப் போக்குவார்" என்று வாழ்த்தினார். எனக்குப் பலகாரம் சுட வராது. சாத்தூரில் இருந்துகொண்டு காராசேவைக் கடையில் வாங்காமல் வீட்டில் சுடுகிறவர் யாராவது உண்டா?

சரி, கோபம் பாதை மாறிப் போகிறது. முத்துலட்சுமியின் மாடிக்கு வருகிறேன். அதற்கு முன் இன்னும் ஒரே ஒரு பழைய விஷயம்.

கவரிங் வளையல்

பட்டாசு சீசனில் தீக்காய வார்டில் வேலை பார்ப்பவர்களுக்குத் தெரியும். வெளியே ஆம்புலன்ஸ் கதவு திறக்கும்போதே அந்த வாசனை உள்ளே வந்துவிடும். யாரும் சொல்லும் முன்பே நாங்கள் பஞ்சை எடுத்து வைக்க ஆரம்பித்துவிடுவோம்.

ஒரு நாள் கம்பெனி எதிலும் விபத்து என்று தகவல் இல்லை. ஆனால் ஒரு பெண்ணைக் கொண்டுவந்தார்கள். வீட்டில் சமைக்கும்போது அடுப்பு வெடித்துவிட்டது என்று கூட வந்தவர் சொன்னார். அடுப்பு வெடித்தால் இந்த வாசனை வராது என்று எனக்கும் தெரியும், சொன்னவருக்கும் தெரியும். அந்தப் பெண்ணின் கை வீங்கிக்கொண்டே போனது. வளையலை உடனே எடுத்தாக வேண்டும். நான் வளையலைப் பார்த்துத் தயங்குகிறேன் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

"கவரிங்தான் சிஸ்டர். வெட்டிருங்க" என்றாள்.

நான் தயங்கியது வளையலுக்காக இல்லை. கத்தரியை எங்கே நுழைப்பது என்று தெரியாமல் தயங்கினேன். வெட்டினேன். அவள் பிழைக்கவில்லை. கருந்திரி என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு அந்தக் குரல்தான் கேட்கும். கருந்திரி என்பது பட்டாசுக்குள் வைக்கிற, மருந்து பூசிய நூல்திரி. அதைச் செய்ய லைசென்ஸ் உள்ள இடங்கள் தனியாக இருக்கின்றன. ஆனால் ஏஜென்டுகள் சிலர் வீடுகளுக்குள் கொண்டுபோய்க் கொடுத்து, மாடியிலும் முற்றத்திலும் காயவைத்து வாங்கிப்போகிறார்கள். வெடித்தால் அது அடுப்பு வெடித்ததாகிவிடும். கம்பெனிக்கும் அதற்கும் சம்பந்தம் இருக்காது.

வெறும் நூலு

அந்தச் சேலையை நானே சுவர் தாண்டிப் போய் எடுத்தேன். மாடி முழுக்க வரிசை வரிசையாகக் கருந்திரி. வற்றல் காயப்போடுகிற அதே பாயில்.

"கத்தாதீக சிஸ்டர், கீழ பிள்ள படிக்கிறா" என்று கெஞ்சினாள் முத்துலட்சுமி. "இது வெடி இல்ல. வெறும் நூலுதான. வெயில்ல கெடந்து காயப்போகுது, அம்புட்டுத்தான். தீய அண்ட விட மாட்டேன். நான் கம்பெனியில பாக்காததா?"

இதுதான் எங்கள் பக்கத்துப் பெண்கள் செய்கிற தப்பு. கம்பெனியில் இரும்புச் சாமானைக்கூட உள்ளே விடாமல், செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, அவ்வளவு பயந்து வேலை செய்வார்கள். அதே சரக்கு வீட்டுக்குள் வந்துவிட்டால் நூலாகிவிடும். வீட்டுக்குள் வந்த எதுவும் நம்மை ஒன்றும் செய்யாது என்று ஒரு நம்பிக்கை.

"காஞ்சதெல்லாம் எங்க வைக்கிற?"

அவள் கண் படிக்கட்டுப் பக்கம் போனது. நான் கீழே இறங்கிப் பார்த்தேன். கட்டிலுக்கு அடியில் சாக்கு மூட்டைகள். கட்டிலின் மேல் பத்தாவது படிக்கிற அவள் மகள் செல்வி, புத்தகத்தோடு. இரண்டு எட்டில் கேஸ் அடுப்பு. அடுப்பில் குக்கர்.

"ஏட்டி, ஒனக்குப் பைத்தியமா!" என்று என்னை மறந்து கத்திவிட்டேன்.

அப்போதுதான் அவளுக்கும் கோபம் வந்தது. "கம்பெனிய மூடி எம்புட்டு நாளாச்சு? ஏதோ ஒரு எடத்துல வெடிச்சதுக்கு எங்க கம்பெனியையும் சோதனைன்னு மூடிப்போட்டாக. அவரு கேரளாவுக்குக் கட்டட வேலைக்குப் போயி அங்கன மளை, வேலை இல்ல. ஒங்களுக்குப் பென்சன் வருது சிஸ்டர். எனக்கு வெயிலுதான் வருது. நான் எதக் காயப்போட?"

 எனக்குக் கோபம் இன்னும் ஏறியது. அவள் மேல் இல்லை. ஆனால் எதிரில் அவள்தான் நின்றாள்.

போன் செய்யவில்லை

"போலீசுக்கு ஒரு போன் போட்டால் முடிந்தது" என்றார் சார்.

சட்டப்படி அதுதான் சரி. நான் போனைக் கையில் எடுக்கவும் செய்தேன். ஆனால் போன வருஷம் எங்கள் ஊருக்குப் பக்கத்தில் என்ன நடந்தது என்று அவருக்கும் தெரியும். திரி திரித்த பெண்ணைப் பிடித்துக்கொண்டு போனார்கள். கைக்குழந்தையை அக்கம்பக்கத்தார் வைத்துக்கொண்டார்கள். கொண்டுவந்து கொடுத்த ஆள் மட்டும் அடுத்த வாரமே பைக்கில் ஊருக்குள் சுற்றினான். முத்துலட்சுமியின் கையில் விலங்கு மாட்டத்தான் நான் போன் செய்ய வேண்டுமா? அதே நேரம் செய்யாமல் இருந்தால் அந்தக் கட்டில்? அந்தப் பிள்ளை? எங்கள் சுவர்?

"அப்ப என்ன செய்யப் போற?"

"தெரியல. போயி உக்காரப் போறேன்."

"எங்க?"

"அவ மாடியில."

சார் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். கணக்கைத் தப்பாகப் போட்ட பையனைப் பார்ப்பதுபோல இருந்தது.

நாற்காலி

மறுநாள் விடிந்ததும் என் பிளாஸ்டிக் நாற்காலியைச் சுவருக்கு அந்தப் பக்கம் தூக்கிப் போட்டு, அவள் மாடியின் நட்டநடுவில் உட்கார்ந்தேன். பாயோடு மேலே வந்த முத்துலட்சுமி முதலில் சிரித்தாள்.

"என்ன சிஸ்டர் இது, வெளயாட்டு?"

"நீ காயப்போடு. நான் ஒண்ணும் சொல்லல. நான் இங்கனதான் காபி குடிப்பேன், இங்கனதான் பேப்பர் படிப்பேன்."

"எதுவும் ஆயிருச்சுன்னா?"

"ஆனா ஆகட்டும்."

"ஒங்கள வச்சுக்கிட்டு நான் எப்படி சிஸ்டர் காயப்போட?"

"ஒன்ன வச்சுக்கிட்டு மட்டும் காயப்போடலாமோ?"

அவள் பாயைச் சுருட்டிக்கொண்டு இறங்கிப் போய்விட்டாள்.

இப்படியே நாட்கள் போயின. ஆவணி வெயில் எங்கள் ஊரில் சித்திரை வெயிலுக்குத் தம்பி. தலையில் ஈரத்துண்டு போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தெருவில் பேச்சு கிளம்பியது. வேலை இல்லாத நர்ஸம்மாவுக்கு மூளை கலங்கிவிட்டது என்றார்கள். அதையும் என்னிடம் பிரஷர் பார்த்துக்கொண்டே சொன்னார்கள். வந்தவர்களுக்கெல்லாம் அந்த மாடியிலேயே பிரஷர் பார்த்தேன். ஒரு காலையில் சார் குடையோடு வந்தார். கொடுத்துவிட்டுப் போவார் என்று பார்த்தால், இன்னொரு நாற்காலியைப் போட்டு ரேடியோவைத் திருகிவிட்டார். செய்தி வாசிப்பவரோடு சண்டை அன்று முத்துலட்சுமி மாடியில் நடந்தது.

நான் ஜெயித்துக்கொண்டிருந்தேன் என்று நினைக்காதீர்கள். சரக்கு இன்னும் கட்டிலுக்கு அடியிலேயே கிடந்தது. முத்துலட்சுமி என்னைப் பார்ப்பதை நிறுத்திவிட்டாள். எனக்கு ராத்திரித் தூக்கம் போனது. உட்கார்ந்து உட்கார்ந்து இடுப்பும் போனது.

வெள்ளைச் சட்டை

கடைசியில் ஏஜென்ட் வந்தார். வெள்ளைச் சட்டை, நெற்றியில் திருநீறு, நல்ல மரியாதையான ஆள். மாடிக்கு ஏறி வந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பின்னாலேயே முத்துலட்சுமியும் வந்து படி ஓரத்தில் நின்றாள்.

"பெரியம்மா, ஒங்களுக்கு இதுல என்ன வந்துச்சு? அந்தப் பிள்ள பொளச்சுட்டுப் போகட்டுமே."

"லைசென்ஸ் உள்ள எடத்துல கொண்டுபோயிச் செய்யுங்க. அவ அங்க வந்து பொளச்சுக்கிடுவா."

"தீபாவளி ஆர்டர் நெருக்குது பெரியம்மா. அங்கெல்லாம் எடம் இல்ல. வேணும்னா கம்ப்ளெயின்ட் குடுங்க. யாரப் பிடிப்பாகன்னு ஒங்களுக்கே தெரியும்ல?"

சிரித்துக்கொண்டே சொன்னார். எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. எத்தனையோ பேர் என்னிடம் சத்தம் போட்டுப் பேசியிருக்கிறார்கள். அதெல்லாம் எனக்கு உறைத்ததில்லை. இந்த மரியாதைதான் தாங்க முடியவில்லை. நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன்.

"அவ்வளவு நல்ல சரக்குன்னா ஒங்க வீட்டு மாடியில காயப்போட வேண்டியதுதானே?"

அவர் யோசிக்கவே இல்லை. பட்டென்று வந்தது பதில்.

"எங்க வீட்ல பிள்ளைக இருக்கு பெரியம்மா."

சொல்லி முடித்த பிறகும் தான் என்ன சொன்னோம் என்று அவருக்குத் தெரியவில்லை. என்னைப் பார்த்துச் சிரித்தபடியே நின்றார். முத்துலட்சுமிக்குத் தெரிந்தது.  அவள் விறுவிறுவென்று கீழே இறங்கினாள். கொஞ்ச நேரத்தில் செல்வியை எங்கள் வீட்டுக்குப் போகச் சொல்லும் சத்தம் கேட்டது. பிறகு மூட்டைகளை ஒவ்வொன்றாகத் தரையில் இழுக்காமல், கைக்குழந்தையைத் தூக்குவதுபோல மெதுவாகத் தூக்கிக்கொண்டு வந்து வாசலில் வைத்தாள்.

"எடுத்துட்டுப் போங்க" என்றாள்.

"ஏம்மா, சரக்கு பாதியில நிக்குதே..."

"எங்க வீட்லயும் பிள்ள இருக்கு. எடுத்துட்டுப் போங்க."

அன்று மாலையே ஒரு வண்டி வந்து எடுத்துப்போனது. அந்த ஆள் என்னைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுத்தான் போனார்.

அடுத்த தெரு

அதன்பிறகு முத்துலட்சுமி என்னோடு பேசவில்லை. எனக்கு வலித்தது. ஆனால் அவள் மேல் குறை சொல்ல மாட்டேன். அவள் அடுப்பில் ஒரு நேரம்தான் பொங்கியது, அது எனக்குத் தெரியும். நான் கொடுத்தனுப்பிய அரிசியைச் செல்வி வாசலிலேயே திருப்பிக்கொடுத்தாள். "அம்மா வேண்டாம்னுட்டாக" என்றாள். நாற்காலியை எங்கள் மாடிக்கே கொண்டுவந்து, சூடான காபியோடு உட்கார்ந்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், காபி கசந்தது.

சில வாரம் கழித்து ஒரு காலையில், நான் அடுப்படியில் நின்றுகொண்டிருந்தபோது வாசலில் அவள் குரல் கேட்டது.

"சிஸ்டர், இருக்கீகளா?"

தலை சீவாமல், கொண்டையை மட்டும் முடிந்துகொண்டு நின்றாள். கண் என் மேல் இல்லை.

"அந்தச் சரக்கு எங்க போச்சுன்னு தெரியுமா? பின்னால தெருவுல வள்ளி வீட்டுக்கு. எங்கூட கம்பெனிக்கு வந்த பிள்ள. அவ மாடியில விரிச்சிருக்கான்னு கேள்விப்பட்டேன். அவளுக்கு நடக்கப் பழகுற பிள்ள ஒண்ணு இருக்கு சிஸ்டர்."

"சொல்லிப் பாத்தியா?"

"நேத்துப் போனேன். கதவத் தெறக்கல. தனியாப் போனா பொறாமையில வந்தேன்னு நெனைப்பா. நீங்க வாங்க."

எனக்கு முதலில் வந்தது ஆத்திரம்தான். ஒரு மாடியில் நான் உட்கார்ந்தால் அந்த ஏஜென்ட் அடுத்த மாடிக்குப் போகிறான். அங்கே போய் உட்கார்ந்தால் அதற்கடுத்த மாடி. இந்தச் சுற்று வட்டாரத்தில் வெயில் படாத மாடி எது? எத்தனை மாடியில் போய் உட்காருவது? இதைப் பார்க்க வேண்டியவர்களுக்கு சூலக்கரையில் கலெக்டர் ஆபீஸைச் சுற்றி இத்தனை அலுவலகங்கள் இருக்கின்றன. நாற்காலிகளும் இருக்கின்றன, அதில் உட்காருவதற்குச் சம்பளமும் இருக்கிறது. இடுப்பு வலியோடு நான் ஏன் போக வேண்டும்? இதையெல்லாம் வாய்விட்டே சொன்னேன். முத்துலட்சுமி பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே காத்திருந்தாள். அடுப்பை அணைத்துவிட்டுக் கிளம்பினேன்.

வள்ளி வீட்டுக் கதவை முத்துலட்சுமிதான் தட்டினாள். இந்த முறை திறந்தது. சின்னப் பெண். கையெல்லாம் கருப்பு. என்னைப் பார்த்ததும் பயந்துபோனாள். அப்புறம் முத்துலட்சுமியைப் பார்த்து முகம் சுளித்தாள்.

"என்னக்கா, நீங்க நிப்பாட்டிட்டீக, நானும் நிப்பாட்டணுமா? பெரிய ஆளையெல்லாம் கூட்டிக்கிட்டு வந்துருக்கீக?"

நான் வாயைத் திறந்தேன். சொல்ல என்னிடம் எவ்வளவோ இருந்தது. சட்டம், வார்டு, அந்த வளையல், எல்லாம் தொண்டை வரை வந்துவிட்டன. முத்துலட்சுமி என் கையைப் பிடித்து அழுத்தினாள். பேசாமல் இருங்கள் என்று அர்த்தம். திறந்த கதவு வழியாக உள்ளே கட்டில் தெரிந்தது. கட்டிலுக்கு அடியில் சாக்கு. சாக்கைப் பிடித்துக்கொண்டு அந்தக் குழந்தை எழுந்து நிற்கப் பார்த்துக்கொண்டிருந்தது.

"ஏ வள்ளி," என்றாள் முத்துலட்சுமி, "மொதல்ல பிள்ளைய வெளிய தூக்கிட்டு வா. மத்ததப் பெறகு பேசுவோம்."